ஈரத்தை வென்ற பொறியாளர் வில்லிஸ் கேரியர்

மின்விளக்கு என்றதும் எடிசன் பெயரைச் சொல்கிறோம். தொலைபேசி என்றதும் கிரகாம் பெல் நினைவுக்கு வருகிறார். விரிவுரை மண்டபம், நூலகம், விடுதி அறை, பேருந்து, பேரங்காடி என்று நாள் முழுவதும் நம்மைச் சூழ்ந்திருக்கும் குளிரூட்டியை உருவாக்கியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலரும் விழிப்போம். 'ஏர்கோன்' இல்லாத ஒரு பிற்பகலை நம்மால் எண்ணிப் பார்க்கவும் முடிவதில்லை. அதைத் தந்தவரைப் பற்றியோ ஒரு வரிகூடத் தெரிவதில்லை.

அவர் பெயர் வில்லிஸ் ஹேவிலண்ட் கேரியர். அமெரிக்கப் பொறியாளர். அவருடைய வாழ்க்கையைப் படிப்போருக்கு முதலில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மனிதர்களுக்குக் குளிர்ச்சி தர வேண்டும் என்பது அவருடைய தொடக்க நோக்கம் அன்று. காற்றில் கலந்திருக்கும் நீரை அடக்குவதே அவர் எடுத்துக்கொண்ட வேலை. குளிர்ச்சி அதற்கு வழியாக அமைந்தது. இதைப் புரிந்துகொண்டால் அவருடைய பெருமை விளங்கும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் இயந்திரத்தை எப்படிப் பேண வேண்டும் என்பதும் சேர்ந்தே விளங்கும்.

ஆப்பிள் துண்டுகளில் கணக்கு

கேரியர் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஈரி ஏரிக்கு அருகிலுள்ள அங்கோலா என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. வேளாண்மைக் குடும்பம்.

பள்ளியில் பின்னக் கணக்கு அவருக்கு எளிதில் பிடிபடவில்லை. அதைக் கண்ட தாயார், ஒரு கூடை ஆப்பிள்களை எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொன்றையும் பாதி, கால், அரைக்கால் என்று வெட்டி வைத்து, துண்டுகளைக் கூட்டியும் கழித்தும் காட்டினார். எந்தச் சிக்கலையும் கையாளத்தக்க சிறு துண்டுகளாகப் பிரித்துவிட்டால் விடை கிடைக்கும் என்ற பழக்கம் அங்கேதான் அவருக்குள் வேரூன்றியது. கடிகாரம் முதல் தையல் இயந்திரம் வரை வீட்டில் பழுதான பொருள்களைத் தாமே சரிசெய்யும் கைத்திறன் அந்தத் தாயாருக்கு இருந்தது. கேரியருக்குப் பதினொரு வயதானபோது அவர் மறைந்தார். அவர் கற்றுத்தந்த வழி மட்டும் மகனோடு கடைசிவரை இருந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்த நேரத்தில் அமெரிக்காவைக் கடும் பொருளாதார நெருக்கடி வாட்டிக்கொண்டிருந்தது. மேற்படிப்புக்குப் பணமில்லை. சில காலம் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு பஃபலோ நகருக்குச் சென்று மீண்டும் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து படித்தார். உபகாரச் சம்பளம் பெற்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். அதுவும் முழுச் செலவுக்குப் போதவில்லை. புல் வெட்டினார், உலைகளுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டார், உணவு பரிமாறினார். இறுதியாண்டில் மாணவர்களுக்கான சலவைக் கூட்டுறவு ஒன்றையும் நடத்தினார். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பை ஓட்டும் நம் மாணவர்களுக்கு இந்தப் பக்கம் புதிதாக இருக்காது. 1901இல் பொறியாளராக வெளியே வந்தார்.

வாரம் பத்து டாலர்

பஃபலோ ஃபோர்ஜ் என்ற நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர். வெட்டிய மரத்தையும் காப்பிக் கொட்டையையும் உலர்த்தும் வெப்பக் கருவிகளை வடிவமைப்பது பணி.

ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு பெரிய வெப்பக்கருவி தேவை என்பதற்கு அப்போது சரியான அளவீடுகள் எவரிடமும் இல்லை. பற்றாக்குறை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் தேவைக்கு மேல் பெரிதாகவே செய்து பொருத்தினார்கள். கேரியர் ஓய்வு நேரத்தில் வெப்பச்சுருள்களைத் தாமே சோதித்து, காற்றின் வேகத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை அட்டவணையாக்கினார். ஒரே பருவத்தில் நிறுவனத்துக்கு 40,000 டாலர் மிச்சமாயிற்று. ஊகித்து வேலை செய்யாதே, அளந்து பார் என்பது இவருடைய முதல் பாடம். மேலாளர்கள் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார்கள்.

நிறம் பிசகிய அச்சகம்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம் இருந்தது. வண்ணப்படங்களை அச்சிடும்போது ஒவ்வொரு நிறமாகத் தனித்தனியே தாளில் ஏற்றவேண்டும். முதல் நிறம் ஏறிய தாள், அடுத்த நிறத்துக்கு வருவதற்குள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே விரிந்துவிடும். காற்று உலர்ந்த நாளில் சுருங்கிவிடும். மயிரிழை அளவு மாறினாலும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் படம் கலங்கிவிடும். மையும் எளிதில் உலராது. தாள்களைக் குவியல் குவியலாக வீசவேண்டிய நிலை. ஆண்டு மலர் அச்சாகும் வேளையில் அச்சகத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்கு அந்த அச்சக முதலாளியின் வேதனை நன்றாகவே புரியும்.

இந்தச் சிக்கல் 1902இல் கேரியரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 25. வானிலைத் துறையின் அட்டவணைகளை வைத்துக்கொண்டு, எந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீரைத் தாங்கும் என்று கணக்கிட்டார். குளிர்ந்த சுருள்களின்மீது காற்றைச் செலுத்தினால் அதிலுள்ள நீர் சுருளின்மேல் துளித்துளியாகப் படிந்து இறங்கிவிடும். குளிர்பானப் புட்டியின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே முறையில்தான். ஒரு தொகுதிச் சுருள்களில் கிணற்று நீரையும், இன்னொரு தொகுதியில் அமோனியா குளிர்பதன இயந்திரத்தின் குளிரையும் ஓடவிட்டார். அச்சகத்தின் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்துவது இலக்கு. நாளொன்றுக்கு 1,08,000 பவுண்டு பனிக்கட்டி உருகினால் கிடைக்கும் குளிர்ச்சிக்கு அந்த அமைப்பு சமமாக இருந்தது. அதன் வரைபடங்களில் உள்ள நாள் 1902 ஜூலை 17. தற்காலக் குளிரூட்டியின் பிறந்தநாளாக அதையே குறிப்பிடுகிறார்கள்.

பனிமூட்டத்தில் கிடைத்த விடை

அந்த அமைப்பில் கேரியருக்கு முழு நிறைவு ஏற்படவில்லை. காற்றின் ஈரத்தை விரும்பிய அளவுக்குத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் எளிய வழியைத் தேடிக்கொண்டிருந்தார்.

1902இன் இலையுதிர் காலத்தில், பிட்ஸ்பர்க் இரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தார். எங்கும் பனிமூட்டம். அதைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. பனிமூட்டம் என்பது தன்னால் இயன்ற அளவு நீரைத் தாங்கி நிற்கும் காற்று. ஆயினும் அது குளிர்ந்த காற்று என்பதால், வெயில்காலக் காற்றை விட அதில் உண்மையில் இருக்கும் நீர் குறைவு. அப்படியானால், குளிர்ந்த நீரைத் தூவிச் செயற்கைப் பனிமூட்டத்தை உண்டாக்கி அதனூடே காற்றைச் செலுத்தினால், வெளிவரும் காற்றில் எவ்வளவு நீர் இருக்கும் என்பதை அந்த நீரின் வெப்பநிலையே தீர்மானித்துவிடும். தண்ணீரைத் தெளித்தே காற்றை உலர்த்தலாம்!

கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இந்தக் கருத்தை எண்களோடு பார்ப்போம். 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீர் ஏறக்குறைய 9 கிராம்தான். 30 டிகிரியில் அது 30 கிராம் வரை தாங்கும். 10 டிகிரியில் நிறைந்து நிற்கும் காற்றை 20 டிகிரிக்குச் சூடேற்றினால், அதன் ஈரப்பதம் 100 விழுக்காட்டிலிருந்து பாதிக்குச் சற்று மேலாக இறங்கிவிடுகிறது. அச்சகத்துக்குத் தேவைப்பட்டதும் அதுதானே!

1904இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1906 ஜனவரி 2ஆம் நாள் கிடைத்தது. அதன் தலைப்பு காற்றைப் பதப்படுத்தும் கருவி என்ற பொருளில்தான் இருந்தது. இன்று உலகமே வழங்கும் 'ஏர்கண்டிஷனிங்' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் ஸ்டூவர்ட் கிராமர் என்ற நெசவாலைப் பொறியாளர். கேரியர் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டார்.

முதல் வாடிக்கையாளர்களுள் பெரும்பாலோர் தொழிற்சாலைகளே. பருத்தி ஆலையில் காற்று உலர்ந்தால் நூல் அறுந்தது. வேறு சில தொழில்களில் ஈரம் மிகுந்தால் பொருள் கெட்டது. 1907இல் ஜப்பானின் யோக்கோஹாமாவிலிருந்த பட்டு ஆலைக்கும் கேரியரின் அமைப்பு சென்றது. அங்கெல்லாம் நலம் பெற்றது நூலும் பட்டும். அருகில் நின்ற தொழிலாளிக்குச் சுகம் கிடைத்தது தற்செயல்.

1911இல், காற்று, வெப்பம், ஈரம் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை விளக்கும் சூத்திரங்களை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் படித்தார். அவற்றிலிருந்து பிறந்த வரைபடத்தை இன்றும் பொறியியல் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

தோல்வியும் துணிவும்

எல்லாம் வெற்றியாகவே முடிந்துவிடவில்லை. பஃபலோ ஃபோர்ஜில் இருந்தபோது, மிசூரி மாநிலத்திலிருந்த ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் அவர் பொருத்திய வாயுத் தூய்மிப்புக் கருவி வாக்களித்தபடி இயங்கவில்லை. கவலையால் தூக்கம் போயிற்று. பிறகு தாமே ஒரு வழியைக் கண்டார். மிக மோசமாக என்ன நடக்கும் என்று முதலில் கேட்டுக்கொண்டார். வேலை போகலாம், நிறுவனத்தின் முதலீடான 20,000 டாலரும் போகலாம். அது நடந்தால் ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். மனம் அமைதியடைந்தது. அதன்பின் அந்த இழப்பை எப்படிக் குறைக்கலாம் என்று சோதனைகளைத் தொடங்கினார். இன்னும் 5,000 டாலர் செலவிட்டுத் துணைக்கருவி பொருத்தினால் போதும் என்று தெரிந்தது. நட்டம் வரவேண்டிய இடத்தில் 15,000 டாலர் ஆதாயம் வந்தது. கவலையை வெல்வது பற்றி டேல் கார்னகி 1948இல் வெளியிட்ட நூலில் இந்த நிகழ்ச்சி இடம்பெற்றுப் புகழ்பெற்றது.

அந்தத் துணிவு விரைவிலேயே மீண்டும் தேவைப்பட்டது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டதும், பஃபலோ ஃபோர்ஜ் குளிரூட்டிப் பிரிவைக் கைவிட முடிவு செய்தது. கேரியரும் நண்பர் இர்வின் லைலும் உள்ளிட்ட ஏழு பொறியாளர்கள் தங்கள் சேமிப்பைத் திரட்டி, 32,600 டாலர் முதலீட்டில் 1915இல் கேரியர் பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

விசிறிகள் ஓய்ந்த அரங்கம்

அன்றைய குளிர்பதன இயந்திரங்கள் மிகப் பெரியவை. பலவற்றில் நச்சுத்தன்மையுள்ள அமோனியா ஓடியது. மக்கள் கூடும் இடத்தில் அவற்றை வைக்க எவரும் துணியவில்லை. 1922இல் கேரியர், சுழல்விசையால் இயங்கும் புதுவகைக் குளிர்பதன இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். அளவில் சிறியது, அமோனியா இல்லாதது. அதன்பின்னர்தான் குளிரூட்டி ஆலையை விட்டு மக்களிடம் வந்தது. 1924இல் டெட்ராய்ட் நகரின் ஹட்சன் பேரங்காடியில் பொருத்தப்பட்டது.

1925 மே மாத இறுதியில் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கம் குளிரூட்டியோடு திறக்கப்பட்டது. அதுவரை கோடைக்காலத்தில் திரையரங்குகள் ஈயோட்டும். பல மூடியே கிடக்கும். அன்றைக்கும் மக்கள் வழக்கம்போல் கைவிசிறிகளோடு வந்து அமர்ந்தார்கள். இயந்திரம் காற்றைக் குளிர்விக்கச் சற்று நேரம் பிடித்தது. ஆயிரக்கணக்கான விசிறிகள் ஆடிக்கொண்டிருப்பதைக் கேரியர் பின்னால் நின்று பதைப்புடன் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல ஒவ்வொரு விசிறியாக மடியில் இறங்கியது. படத்தொழில் பெரும்புள்ளியான அடால்ஃப் சூக்கர் அன்று மேல்மாடத்தில் இருந்தார். மக்களுக்கு இது பிடித்துப்போகும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அடுத்த ஐந்தாண்டுகளில் சுமார் 300 திரையரங்குகளில் கேரியரின் இயந்திரம் ஏறியது.

1928இல் வீடுகளுக்கென ஒரு குளிரூட்டியை அவருடைய நிறுவனம் வெளியிட்டது. மறு ஆண்டே தொடங்கிய பெருமந்தம் அந்த முயற்சியை முடக்கியது. இரண்டாம் உலகப்போரின்போது, உயரே பறக்கும் விமான எஞ்சின்களைச் சோதிப்பதற்காகக் கிளீவ்லாந்தில் கட்டப்பட்ட காற்றுச் சுரங்கத்துக்குக் குளிர்பதன அமைப்பை வடிவமைத்தார். போருக்குப் பின் வீட்டுக் குளிரூட்டிகளின் விற்பனை பெருகத் தொடங்கிய நேரத்தில், 1950 அக்டோபர் 7ஆம் நாள் தமது 73ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரில் 80க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன.

நம் மண்ணும் அவருடைய கருவியும்

கேரியரின் கண்டுபிடிப்பால் பெரும்பயன் அடைந்த நிலங்களுள் நம் மண்ணும் ஒன்று. சிங்கப்பூரின் கேத்தே திரையரங்கம் 1939இல் குளிரூட்டி வசதியோடு திறக்கப்பட்டது. வெப்பமண்டல நாடுகள் முன்னேறுவதற்குக் குளிரூட்டி பெரிதும் துணை நின்றது என்பது சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவின் உறுதியான கருத்து. ஆட்சிக்கு வந்ததும் அரசு ஊழியர் பணிபுரியும் கட்டடங்களில் அதைப் பொருத்தச் செய்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அமெரிக்காவில் கோடை தொடங்குமுன் வீட்டுக் குளிரூட்டியைத் துப்புரவு செய்து ஆயத்தப்படுத்துவார்கள். நமக்கோ ஆண்டு முழுவதும் கோடைதான். சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காடு. ஆயத்தப்படுத்த ஒரு நாள் என்று இங்கே இல்லாததால், இயந்திரம் சொட்டத் தொடங்கும் வரை நாம் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் ஊர்க் காற்று 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருந்தால், ஒரு கன மீட்டரில் 24 கிராம் நீர் இருக்கும். அதை 25 டிகிரிக்கும் 60 விழுக்காட்டுக்கும் கொண்டுவர 10 கிராம் நீரை இறக்கவேண்டும். ஒரு சாதாரண படுக்கையறையின் காற்றிலிருந்து மட்டும் மூன்றில் ஒரு லிட்டர் நீர். கதவிடுக்கு வழியாக நுழையும் காற்றிலும் நம் மூச்சிலும் வியர்வையிலும் வருவது தனி. அந்த நீர் தடையின்றி வெளியேற வேண்டும். குளிரூட்டிப் பராமரிப்பின் பெரும்பகுதி இவ்வளவுதான்.

முதலில் வடிகட்டி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வலையைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்திப் பொருத்தவேண்டும். தூசு அடைத்தால் சுருளின்மீது போதிய காற்று படாது. சுருளில் பனி கட்டும். பிறகு அது உருகிப் படுக்கையில் சொட்டும். அடுத்தது நீர் வடியும் குழாய். அதில் பாசி பிடித்து அடைபட்டாலும் அறைக்குள்தான் ஒழுகும். இயந்திரம் ஓடும்போது குழாயின் வெளிமுனையில் நீர் வடிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வெளியிலுள்ள பெட்டியைச் சுற்றிப் பொருள்களை அடுக்கவோ துணி காயப்போடவோ கூடாது. அறையின் வெப்பம் வெளியேறுவது அதன் வழியாகத்தான்.

'கேஸ்' விஷயத்திலும் தெளிவு வேண்டும். அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. எண்ணெய் போல் எரிந்து தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது வீண்செலவு.

ஈரத் துண்டையும் துவைத்த சட்டையையும் குளிரூட்டிய அறைக்குள் காயவைக்கும் விடுதிப் பழக்கமும் கேரியரின் கணக்குக்கு எதிரானது. நாம் உள்ளே விடும் ஒவ்வொரு சொட்டையும் அந்த இயந்திரம் மின்சாரம் செலவழித்து வெளியே தள்ளவேண்டும். அறைக்கு மீறிய பெரிய இயந்திரத்தை வாங்குவதும் தவறு. அது விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை இறக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை சில்லென்று இருந்தும் உடம்பு பிசுபிசுக்கும். மழைநாளில் 'டிரை' என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். 1902இல் அச்சகத்துக்காகச் செய்த வேலையை அது உங்களுக்காகச் செய்யும். ஈரம் இறங்கிவிட்டால் 25 டிகிரியே இதமாக இருக்கும். 16 டிகிரிக்குப் போகவேண்டிய தேவை இல்லை.

அவர் விட்டுச்சென்ற கணக்கு

கேரியரின் கருவிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை, தெருவுக்குத் தள்ளுகிறது. 1930களிலிருந்து குளிரூட்டிகளில் பயன்பட்ட சில வாயுக்கள் ஓசோன் படலத்தை அரித்தன. அவற்றைக் கைவிட 1987இல் மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. அவற்றுக்கு மாற்றாக வந்த வாயுக்கள் புவியைச் சூடேற்றுவதால், அவற்றையும் குறைக்க 2016இல் கிகாலியில் முடிவெடுத்தார்கள். உலகம் வெம்மையாக ஆக, குளிரூட்டிகள் பெருகுகின்றன. குளிரூட்டிகள் பெருகப் பெருக மின்சாரத் தேவையும் ஏறுகிறது. இந்தச் சுழலை உடைக்கும் வழியை இனிவரும் பொறியாளர்கள்தான் காணவேண்டும். அவர்களுள் சிலர் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

அவர்களுக்குக் கேரியரின் வாழ்க்கை ஒரு நல்ல தொடக்கம். அவர் பெரிய கனவோடு புறப்பட்டவர் அல்லர். ஓர் அச்சகத்தின் தாள் ஏன் விரிகிறது என்ற சிறு கேள்வியை எடுத்துக்கொண்டு, அளந்து, அட்டவணையிட்டு, விடை நிறைவு தராதபோது மீண்டும் அளந்தார். மற்றவர்களாகிய நாம் செய்யக்கூடியது எளியது. இந்த வார இறுதியில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவோம். அப்படியே வெளியே சென்று குழாய் முனையில் நீர் சொட்டுகிறதா என்று பார்ப்போம். சொட்டினால், கேரியரின் கணக்கு நம் வீட்டிலும் சரியாக இருக்கிறது என்று பொருள்.